டவுன் வீடா, கே.டி.சி. நகர் வீடா?

எங்கள் வீட்டில் இப்போது ஆறு பேர். மாமா, அத்தை, நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், ஏழு மாதப் பாப்பா. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்துக்குள் நீளவாக்கில் போகும் பழைய வீடு: தார்சா என்கிற முன் தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, பாத்திரம் கழுவும் அங்கணம், புறவாசல். கதவு போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். பாப்பா பட்டாசலில் தூங்கிவிட்டால் மகன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தார்சாவுக்குப் போய்த் தூணில் சாய்ந்து படிக்கிறான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வீடு தேட ஆரம்பித்தோம்.

பாளையங்கோட்டையை அடுத்த கே.டி.சி. நகர் பக்கம் ஒரு வீடு மனசுக்குப் பிடித்தது. மூன்று படுக்கையறை, நல்ல காற்று, வாசல்வரை ஆட்டோ வரும். மகனுடைய பள்ளி பாளையங்கோட்டையில். இப்போது ஈரடுக்கு மேம்பாலம், ஆற்றுப் பாலம் என்று நெரிசலில் போய் வருகிறான்; அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கடை கீழ ரத வீதியில். மகனுக்கு மிச்சமாகும் அலைச்சல் அப்படியே அவர் தலையில் ஏறும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதும் நின்றுபோகும்.

விலை 60 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, பத்திரச் செலவே 5 லட்சத்து 40 ஆயிரம். அது கையிலிருந்து போகிற பணம். அதில் ஒரு செங்கல்கூட வராது. அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் எந்தப் பக்கம் வீடு பார்த்தாலும், தரகரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் "அன்னைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டுவிடுவது நல்லது. சுவரில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

வாடகைக்குப் போவதையும் யோசித்தோம். மாமா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை, எனக்கும் அது சரியாகப் படவில்லை.

சரி, இருக்கிற வீட்டிலேயே மாடி எடுத்தால்? நினைத்த மாதிரி எளிதில்லை. மரச் சட்டங்களுக்கு மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம் இது. பார்க்க வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதன் மேல் பாரம் ஏற்றவே கூடாது, தரையிலிருந்து தூண் எழுப்பித்தான் மாடி தாங்க வேண்டும் என்றார். தூணோடு சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்க வேண்டும். கடன் கேட்டால் வங்கி முதலில் பத்திரத்தைத்தான் பார்க்கும். வீட்டில் கோயம்புத்தூரிலிருக்கும் கொழுந்தனாருக்கும் பங்கு உண்டு. அவர் மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. விற்பனைப் பத்திரச் செலவோடு வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் என் மனதைத் திருப்பியது பணம் இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஆச்சி கேட்காமலே வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக் கொண்டுவந்தார்கள். மாமா தினமும் காந்திமதி அம்மன் சந்நிதிக்கு நடந்தே போய் வருகிறார். கே.டி.சி. நகருக்குக் குடிபோனால் அவரைக் கோயிலுக்கு யாராவது வண்டியில் கூட்டிப் போக வேண்டும். நாளடைவில் அவர் கேட்பதையே விட்டுவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

இந்த வீட்டில் உண்மையான குறை அறை இல்லாதது மட்டுமில்லை. ராத்திரி அத்தை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரமான அங்கணத்தில் சுவரைத் தடவித் தடவிப் புறவாசல் கக்கூஸுக்குப் போகிறார்கள். இரண்டு முழங்காலிலும் வலி. மேலே எத்தனை அறை எடுத்தாலும் அது தீராது.

அதனால் இருந்துவிடுவது என்றே முடிவு. மாடி வேலை இரண்டாவது. பத்திரம் முடிந்ததும் முதலில் பட்டாசலை ஒட்டிக் குளியலறையும் கக்கூஸும். கொத்தனார் வந்து அளந்தபோது அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "படி வைக்காண்டாம்யா, தரையோட தரையா இருக்கட்டும்."