நாளிதழா, டிவியா, ஃபீடா: நாட்டு நடப்பு எதில் மனதில் நிற்கிறது?

அன்றாட நடப்பைத் தெரிந்துகொள்ள இன்று முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன: நாளிதழ், செய்தி சேனல், வானொலி, அப்புறம் ஃபீடு, அதாவது கைபேசியில் சமூக ஊடகச் செயலிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிக்கொண்டே இருக்கும் பதிவுகளின் வரிசை. நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, நாளிதழைத்தான் முதன்மையாக வைத்துக்கொண்டேன். காகிதம் கிடைத்தால் காகிதம், இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டும் இ-பேப்பர். மற்றவை எல்லாம் துணைக்கு. அந்தப் பக்கம் சாய்ந்துதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். காரணங்களைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஒரு வாரம் முடிந்தபின், நாட்டிலும் உலகத்திலும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எதையும் பார்க்காமல் சொல்ல முடிகிறதா? வேகம் என்று வந்தால் ஃபீடை யாரும் முந்த முடியாது. நிலநடுக்கம், வெள்ளம், வாக்கு எண்ணிக்கை என்றால் டிவிதான். கைக்கும் கண்ணுக்கும் வேறு வேலை இருக்கும்போது வானொலி. இதிலெல்லாம் வாதாட ஒன்றுமில்லை.

வழிகள் பெருகினால் விஷயம் தெரிந்தவர்களும் பெருகுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1989-இல் கேட்ட பொது அறிவுக் கேள்விகள் சிலவற்றை 2007-இல் மறுபடி கேட்டது. நாட்டின் துணை அதிபர் யார் என்று சரியாகச் சொன்னவர்கள் 1989-இல் 74 சதவீதம், 2007-இல் 69 சதவீதம். இந்த இடைவெளியில்தான் செய்தி சேனல்கள் பெருகின, இணையம் வீட்டுக்குள் வந்தது. சராசரி ஆளுக்குத் தெரிந்தது மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஆனால் எதை முதன்மையாக நம்பியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அதே பியூ மையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், செய்தி நிறுவனங்களின் இணையதளத்தையோ செயலியையோ முதன்மையாக நம்பியவர்களில் 45 சதவீதம் பேருக்கு அரசியல் விவரம் நன்றாகத் தெரிந்திருந்தது. அச்சு நாளிதழ் படிப்பவர்களில் அது 41 சதவீதம். சமூக ஊடகத்தையே நம்பியவர்களில் வெறும் 17 சதவீதம். ஒன்றைக் கவனியுங்கள்: இணையதளம் அச்சைவிடச் சற்று மேலேயே இருக்கிறது. நாளிதழ்தான் நல்லது என்று நான் சொல்லும்போது காகிதத்தைப் புகழவில்லை. ஓர் ஆசிரியர் குழு உட்கார்ந்து, இன்று இதெல்லாம் முக்கியம் என்று முடிவு செய்து ஒரே இடத்தில் வைக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். நாளிதழ் படிப்பதால் விஷயம் தெரிகிறதா, விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் நாளிதழ் படிக்கிறார்களா? படிப்பு, வயது, வருமானம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. போதாததற்கு, எவ்வளவு செய்தி பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மக்கள் கூட்டித்தான் சொல்கிறார்கள். மார்க்கஸ் பிரையர் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் 2009-இல் இதைக் கணக்குப் பார்த்தார். அமெரிக்க டிவி செய்திகளைப் பார்ப்பதாக மக்கள் சொன்ன அளவு, கருவி வைத்து அளந்த அளவைப்போலச் சராசரியாக மூன்று மடங்கு இருந்தது. ஆகவே கருத்துக்கணிப்பு எண்களை மட்டும் வைத்து எந்த ஊடகத்துக்கும் பட்டம் கட்டிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம் 2012-இல் நடத்திய கணிப்பில், வலதுசாரிச் சாய்வுள்ள ஃபாக்ஸ் நியூஸ் சேனலை மட்டும் பார்ப்பவர்கள், செய்தியே பார்க்காதவர்களைவிட உள்நாட்டுக் கேள்விகளில் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள் என்று வந்தது. மற்றக் காரணங்களைக் கணக்கில் கழித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். இருந்தாலும் அது கணிப்புதான், சோதனை அல்ல.

சோதனை என்றால் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் செய்ததைச் சொல்லவேண்டும். 2020 செப்டம்பரில், வழக்கமாக ஃபாக்ஸ் நியூஸ் பார்க்கும் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்துக்கு அதற்குப் பதில் எதிர்ச் சாய்வுள்ள சிஎன்என் சேனலைப் பாருங்கள் என்று மணிக்கு 15 டாலர் கொடுத்தார்கள். யாருக்கு இந்த வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததால், ஆர்வம் உள்ளவர்கள்தான் மாறினார்கள் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. மாறிய குழுவுக்குப் புதிதாகச் சில விஷயங்கள் தெரியவந்தன. கொரோனா வந்து போனபின் நெடுநாள் தொந்தரவு இருக்கக்கூடும் என்பதும், வேறு பல நாடுகள் தொற்றை இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்தின என்பதும் அவற்றில் சில. பழைய சேனல் இதையெல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் மட்டும் தெரியாமல் போகவில்லை. பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு சேனல்களும் தங்கள் அரசியல் தரப்புக்குச் சாதகமானதை நிறையக் காட்டி, பாதகமானதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன என்பதுதான் ஆய்வாளர்கள் கண்டது. மாதம் முடிந்ததும் பலரும் பழைய சேனலுக்கே திரும்பினார்கள், பெரும்பாலான மாற்றங்களும் மங்கிப்போயின.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஒரு ஊடகத்தை எடைபோடும்போது, அது சொல்வது சரியா தவறா என்றுதான் நாம் பார்க்கிறோம். அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பொய்யை என்றாவது ஒருநாள் யாராவது மறுப்பார்கள், அது காதில் விழவும் வாய்ப்பு உண்டு. சொல்லாமல் விட்டதை யார் வந்து சொல்வார்கள்? அப்படி ஒன்று இருந்தது என்றே நமக்குத் தெரியாது. நடப்பு அறிவில் விழும் பெரிய ஓட்டைகள் எல்லாம் இந்த வகைதான்.

அந்தக் கண்ணோடு நான்கையும் வரிசையாகப் பாருங்கள். ஃபீடு என்பது நான் முன்பு எதில் நின்று பார்த்தேனோ அதையே மேலும் தருவதற்காகச் செய்யப்பட்டது. கிரிக்கெட்டில் நின்றால் கிரிக்கெட் வரும், ஒரு கட்சியைத் திட்டும் வீடியோவில் நின்றால் திட்டுகள் வரும். பக்கத்து நாட்டில் அரசு கவிழ்ந்த செய்தியில் நான் இதுவரை நின்றதில்லை என்றால் அது வரவே வராமல் போகலாம். வராதது தெரியவும் தெரியாது, ஏனென்றால் ஃபீடுக்கு முடிவே கிடையாது. எவ்வளவு தள்ளினாலும் கீழே இன்னும் ஏதோ இருக்கிறது. எல்லாம் இதற்குள் இருக்கும் என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழு இன்னும் குறுகலானது. அங்கே தேர்ந்தெடுப்பது நம்மைப் போலவே நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும்.

செய்தி சேனலுக்கு நாள் முழுதும் நேரம் இருக்கிறது. ஆனாலும் மாலை ஆனால் ஒரே விஷயத்தை நான்கு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். அந்த ஒரு விஷயம் மனதில் பதிகிறது, அன்றைய மற்றப் பத்து விஷயங்கள் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையோடு ஓடிவிடுகின்றன.

நாளிதழில் பக்கங்களுக்கு அளவு உண்டு, முடிவும் உண்டு. முதல் பக்கம், உள்நாடு, உலகம், வணிகம், தலையங்கம், விளையாட்டு என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வணிகப் பக்கத்தில் எனக்கு ஆர்வமே இல்லை என்று வையுங்கள். விளையாட்டுக்குப் போகும் வழியில் அதைப் புரட்டியே ஆகவேண்டும். வட்டி விகிதத்தை மத்திய வங்கி மாற்றியது என்ற தலைப்பு கண்ணில் பட்டே தீரும். தலைப்பின் அளவும் அது எந்தப் பக்கத்தில் வந்தது என்பதும் அந்தச் செய்தியின் எடையைச் சொல்லிவிடுகின்றன. டேவிட் டியூக்ஸ்பரியும் ஸ்காட் ஆல்தாஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சில மாணவர்களை நியூயார்க் டைம்ஸின் அச்சுப் பதிப்பையும், வேறு சிலரை அதன் இணையப் பதிப்பையும் சில நாட்கள் படிக்கவைத்தார்கள். இணையத்தில் படித்தவர்கள் நாட்டுச் செய்தி, உலகச் செய்தி, அரசியல் மூன்றையும் குறைவாகப் படித்திருந்தார்கள், நினைவில் வைத்திருந்ததும் குறைவு. நிறுவனம் ஒன்றுதான், செய்தியும் ஒன்றுதான். தனக்குப் பிடித்ததை மட்டும் சொடுக்கிப் போகும் வசதி ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. அப்புறம் நெதர்லாந்தில் 2004-இல் வந்த இதேபோன்ற ஓர் ஆய்வில் அச்சுக்கும் இணையத்துக்கும் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இணையதளத்தின் அமைப்பு, வாசகரின் ஆர்வம் எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றுகின்றன. அதனால்தான் இணையத்தில் படிக்கும்போதும் பக்க வடிவ இ-பேப்பரைத் தேர்ந்தெடுக்கிறேன். செயலியின் முகப்பில் மேலே வருவது பல நேரம் அதிகம் பேர் படித்தது, அன்று முக்கியமானது அல்ல.

ஃபீடின் இன்னொரு ஆபத்து, தெரிந்துவிட்டது போன்ற நினைப்பைத் தருவது. செய்தி எப்படியும் என்னைத் தேடி வந்துவிடும் என்று நம்புகிறவர்களை ஹோமேரோ கில் டி சுனிகாவும் அவருடைய குழுவும் தொடர்ந்து கவனித்து 2017-இல் எழுதினார்கள். அப்படி நம்புகிறவர்கள் வழக்கமான செய்தி ஊடகங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள், காலப்போக்கில் அரசியல் விவரமும் அவர்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. ஒரு விஷயத்தைப் பற்றித் தலைப்பும் படமும் மட்டும் பார்த்துவிட்டு, அது ஏன் நடந்தது என்று உங்களிடம் நீங்களே மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடும்.

சரி, ஃபீடை அடியோடு விட்டுவிடலாமா? அப்படிச் சொல்லமாட்டேன். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைக்கச் சிலருக்குப் பணம் கொடுத்து ஹண்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். நிறுத்தியவர்களின் மனநலம் சற்றுக் கூடியது, அரசியல் கருத்துகளில் இருந்த பிளவு குறைந்தது. ஆனால் செய்தி அறிவும் குறைந்தது. காரணம் எளிது: அந்த இடத்தில் அவர்கள் வேறு செய்தி ஊடகம் எதையும் வைக்கவில்லை. மிச்சமான நேரம் குடும்பத்தோடும் டிவி முன்பும் போனது. ஃபீடு வழியாகவும் கொஞ்சம் வந்து சேரத்தான் செய்கிறது. மாற்று இல்லாமல் அதை மூடினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

டிவிக்கும் ஒரு நியாயம் செய்யவேண்டும். ஜெனிஃபர் ஜெரிட், ஜேசன் பராபாஸ், டோபி போல்சன் மூவரும் 2006-இல் எழுதிய ஆய்வின்படி, நாளிதழ் ஒரு விஷயத்தை நிறைய எழுதினால் அதிகம் படித்தவர்கள்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள், மற்றவர்களோடு இருக்கும் இடைவெளி கூடுகிறது. டிவி காட்டினால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால், நாளிதழைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு நல்ல அரை மணி நேரச் செய்தித் தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே சரி. விவாத நிகழ்ச்சியை நான் இதில் சேர்க்கவில்லை.

வானொலியையும் பாட்காஸ்ட்டையும் நான் துணையாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் உறுதியாகப் பேசமாட்டேன். செய்தி அறிக்கைக்கு நாளிதழைப் போலவே முடிவு இருக்கிறது, பிடிக்காததைத் தாவிப் போகவும் முடியாது. அந்த வகையில் என் அளவுகோலுக்கு அது பொருந்துகிறது. பாட்காஸ்ட் ஒரு விஷயத்தை ஆழமாகச் சொல்கிறது, ஆனால் எந்த விஷயம் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

நாளிதழ் எதையும் விடுவதில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதலாளியின் தொழில், விளம்பரம் தருபவர், அரசியல் சாய்வு எல்லாம் அங்கேயும் கத்தரி போடுகின்றன. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எதிர்ச் சாய்வுள்ள இரண்டு நாளிதழ்களின் அதே நாள் முதல் பக்கங்களை அருகருகே வையுங்கள். ஒன்றில் தலைப்புச் செய்தியாக இருப்பது மற்றதில் ஏழாம் பக்கத்து மூலையில் இருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது. தினமும் இதைச் செய்ய முடியாது. நான் வாரம் ஒருமுறை செய்கிறேன். பெரிய மசோதா, தீர்ப்பு, பட்ஜெட் என்று ஏதாவது வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டு ஃபீடுகளை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது, ஏனென்றால் நேற்று உங்களுக்கு வந்த ஃபீடு இன்று எங்கேயும் இல்லை.

எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்பவர்களுக்கு என் யோசனை: கைபேசியில் செய்தி நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஒரே ஒரு இ-பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தலைப்புகளையாவது படித்துவிடுங்கள். முழுதாகப் படிக்க இரண்டு செய்தி போதும், அதில் ஒன்று நீங்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் பக்கத்திலிருந்து இருக்கட்டும்.