கார்பன் மெஷினா, பிரஷ்லெஸ்ஸா: உப்புக்காற்றில் எதை நம்புவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் பாம்பன், மண்டபம், மூக்கையூர், தொண்டி என்று கரை முழுக்கப் படகுகள் வேலைக்கு நிற்கும். பைபர் ஒட்டு, போல்ட் மாற்று, பழைய பெயின்ட் சுரண்டல் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். பேட்டரி டிரில்லும் கிரைண்டரும் இல்லாமல் இப்போது யாரும் அந்த வேலைக்கு இறங்குவதில்லை. கடைக்குப் போனால் ஒரே கம்பெனி, ஒரே 18 வோல்ட், ஆனால் இரண்டு ரகம் எடுத்து வைப்பார்கள். ஒன்று கார்பன் போட்ட மோட்டார். மற்றது கார்பன் இல்லாத பிரஷ்லெஸ். இரண்டாவது சில ஆயிரம் ரூபாய் கூட.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எடுத்தது கார்பன் மெஷின். அதனால் கீழே வருவது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ மரவேலை செய்பவருக்கு இதே கணக்கு பொருந்தாது. இது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு.

பேட்டரியில் ஓடும் டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்தது 1961-இல். கார்பன் இல்லாமல், மின்னணு சுவிட்ச் வைத்தே டிசி மோட்டாரைச் சுழற்றலாம் என்று வில்சன், டிரிக்கி என்ற இருவர் அமெரிக்காவில் எழுதியது 1962-இல். இரண்டும் ஒரே வயது. ஆனால் இரண்டாவது நம் கைக்கு எட்டும் விலைக்கு வர அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதனால்தான் அது இன்னும் ‘புதுசு’.

கார்பன் மோட்டாரில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும், காந்தம் நிற்கும். சுற்றுகிற காயிலுக்குக் கரண்ட் போக இரண்டு கார்பன் துண்டுகள், அச்சோடு சுற்றும் செம்புக் கட்டை வளையமான கம்யூட்டேட்டர்மேல் உரசிக்கொண்டே இருக்கும். பிரஷ்லெஸ்ஸில் தலைகீழ். காந்தம் சுற்றும், காயில் நிற்கும். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்பதை ஒரு போர்டு பார்த்துக்கொள்ளும். போர்டில் ஆறு மின்னணு சுவிட்சுகள். காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல மூன்று சின்ன சென்சார்கள். உரசல் இல்லாததால் சூடு குறைவு, ஒரு சார்ஜில் கூடுதல் ஓட்டை விழும், அதே பலத்துக்கு மெஷின் சின்னதாக இருக்கும். இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார், உண்மையும் கூட.

அவர் சொல்லாமல் விடுவது உப்பு.

கல்லுப்பை ஜாடியில் வைத்தால் மழைக்காலத்தில் கசிகிறதல்லவா? சுத்தமான சோடியம் குளோரைடு மட்டும் என்றால் காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது கசியும். கடல் காற்றில் வருவது அது மட்டுமில்லை. கூடவே மெக்னீசியம் குளோரைடு வரும். அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் கரையில் உச்சி வெயிலில்கூட ஈரம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியென்றால் மெஷினுக்குள் படிந்த உப்பு காய்வதே இல்லை. வருஷம் முழுக்க மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலமாகவே கிடக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை அளக்க மண்டபத்தில் களம் வைத்திருப்பது சும்மா இல்லை.

அந்தப் படலம் இரண்டு மோட்டாரையும் அரிக்கும். எப்படி அரிக்கிறது, அரித்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

கார்பன் மெஷின் சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் டிரிக்கரை அமுக்கினால் ஓடாது, பின்னால் ஒரு தட்டு தட்டினால் ஓடும். பித்தளைக் கூட்டுக்குள் உப்பும் தூசியும் சேர்ந்து கார்பன் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் அதைக் கம்யூட்டேட்டரோடு அழுத்த முடியவில்லை. அடுத்து, காற்று ஓட்டைக்குள் பார்த்தால் பொறி தெரியும். கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி வழக்கமானது, கவலை வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்த வேண்டும். சுற்றுகிற காயில் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது செம்புக் கட்டை ஒன்று கிளம்பியிருக்கும். இந்த இரண்டு கட்டத்துக்கும் இடையில் உங்களுக்கு வாரக்கணக்கில் அவகாசம் இருக்கிறது.

சரி செய்வதும் கரையிலேயே முடிகிற வேலை. பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரின் இரண்டு பக்கமும் இருக்கும் வட்ட மூடியைத் திருப்புளியால் திறந்தால் கார்பன் ஸ்பிரிங்கோடு வெளியே வரும். புதுசில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 5, 6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஒரு பக்கம் கூடிவிடும். கூட்டுக்குள் பஞ்சு சுற்றிய குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கார்பன் தடையில்லாமல் வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் கை வைக்கக்கூடாது. அந்தப் படலம்தான் அதற்குக் காப்பு, பளபளப்பாக வேண்டும் என்று சுரண்டுகிறவர்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள். பச்சையோ கருப்புக் குழியோ தெரிந்தால் மட்டும் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு சுற்று. எமரித் துணி வேண்டாம், அதன் தூள் கட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்து கரண்டைக் கடத்தும். மாட்டிய பிறகு சுமை இல்லாமல் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் புதுக் கார்பன் வளைவுக்கு ஏற்ப உட்காரும். மொத்தம் அரை மணி நேரம். கார்பன் ஜோடி ஒரு சாப்பாட்டு விலைக்குள் முடியும், ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் எந்தக் கடையிலும் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்த அலசலுக்கே அர்த்தமில்லை. மலிவு பேட்டரி டிரில்களில் கார்பன் இருக்கும், ஆனால் வெளியே மூடி இருக்காது. மோட்டாரின் பின்பக்கத் தகடு மடக்கி இறுக்கப்பட்டிருக்கும், பிரித்தால் திரும்பச் சேராது. கார்பன் தேய்ந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டும். அதை வாங்குவதற்குப் பிரஷ்லெஸ்ஸே மேல். வாங்கும்போது மோட்டார் பகுதியின் இரு பக்கமும் காசு அளவு கருப்பு மூடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான் கார்பன் என்று சொல்வதெல்லாம் அந்த மூடி உள்ள மெஷினைத்தான். கூடவே ஆட்டோ ஸ்டாப் கார்பனாக இருந்தால் நல்லது. அதற்குள் கரண்ட் கடத்தாத ஒரு சின்ன முளை இருக்கும். தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அந்த முளை கார்பனைத் தூக்கிப் பிடித்து மெஷினை நிறுத்திவிடும், கம்யூட்டேட்டர் தப்பிக்கும்.

பிரஷ்லெஸ் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. நேற்றுவரை நன்றாக ஓடும். இன்று டிரிக்கரை அமுக்கினால் விக்கும், ஒரு துடிப்பு துடித்து நிற்கும். மூன்று சென்சாரில் ஒன்று போயிருந்தால் இப்படித்தான். அல்லது ஒன்றுமே இல்லை, விளக்கு மட்டும் எரியும். போர்டில் இறுகிப்போகும் பிசின் மாதிரி கம்பவுண்ட் ஊற்றி மூடியிருப்பார்கள், அது உண்மையிலேயே நல்ல காப்பு. ஆனால் ஒயர் வெளியே வரும் இடம், சென்சார் போர்டு, பேட்டரி உட்காரும் பித்தளை நாக்கு ஆகியவை எல்லா மெஷினிலும் அப்படி மூடப்பட்டிருப்பதில்லை. உப்பு அங்கேதான் உட்காரும். கம்பவுண்ட் ஊற்றியதாலேயே போர்டைப் பிரித்துச் சரி பண்ணவும் வழியில்லை. “போர்டு போயிருச்சுண்ணே, மாத்துறதுக்குப் புது மெஷினே வாங்கிரலாம்” என்ற பதிலைத்தான் கேட்க வேண்டியிருக்கும். பல மாடல்களில் போர்டும் காயிலும் ஒரே செட்டாகத்தான் வரும். விலை மெஷின் விலையில் பாதியை எட்டும். பார்சலில் அனுப்பி, உதிரி வந்து, திரும்பி வர இரண்டு வாரம் என்று வைத்தால் 61 நாளில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. கூலி ஆட்கள் நிற்கிறார்கள், படகு நிற்கிறது. ஒரு சார்ஜில் நாலு ஓட்டை கூட விழுந்ததன் லாபம் அந்த இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். என் முடிவு இந்த ஒரு கணக்கில்தான் நின்றது.

காந்தத்தையும் பார்க்க வேண்டும். பிரஷ்லெஸ்ஸில் சுற்றுவது நியோடிமியம் காந்தம். பலம் அதிகம், ஆனால் மேல்பூச்சில் கீறல் விழுந்தால் துருப்பிடித்து வீங்கும். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இருப்பது முடி அளவு இடைவெளி, கொஞ்சம் வீங்கினாலே உரசும். சாதாரணக் கார்பன் மோட்டாரில் பெரும்பாலும் ஃபெரைட் காந்தம். அது அடிப்படையில் இரும்பு ஆக்சைடு, அதாவது ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருள். இனி என்ன துருப்பிடிக்கும்?

பிரஷ்லெஸ் ஜெயிக்கிற இடங்களையும் மறைக்கக்கூடாது. முதலாவது டிரிக்கர். கார்பன் மெஷினில் மோட்டாரின் முழுக் கரண்டும் டிரிக்கர் சுவிட்ச் வழியாகப் போகிறது. நம் கரையில் கார்பனுக்கு முன்னாலேயே சுவிட்ச் கருகுவதும் உண்டு. மாற்றலாம், ஆனால் செலவுதான். பிரஷ்லெஸ் டிரிக்கரில் போவது வெறும் சிக்னல், அது கருகாது. இரண்டாவது பைபர் தூசி. கண்ணாடி இழைத் தூள் உப்பைவிட மோசம், உரசுகிற எதையும் அரைத்துவிடும். பழைய ஒட்டை நாள் முழுக்கக் கிரைண்டரில் சீவுகிறவருக்குக் கார்பன் சீக்கிரம் தேயும், கம்யூட்டேட்டரில் கோடு விழும். காற்று ஓட்டையில் மெல்லிய நைலான் துணி கட்டி ஓட்டுகிறார்கள். பலன் இருக்கிறது, ஆனால் மணிக்கு ஒருமுறை உதறாவிட்டால் காற்று அடைத்து மோட்டார் சூட்டில் போகும். அந்த வேலை மட்டுமே செய்பவர் பிரஷ்லெஸ் கிரைண்டர் எடுத்தால் நான் வாதாட மாட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டிய பிரஷ்லெஸ் கிரைண்டரை நம் கரையில் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அதன் ஆயுளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. மூன்றாவது இம்பாக்ட் டிரைவர். அடுத்தடுத்து நூறு ஸ்குரூ ஏற்றும்போது கார்பன் மோட்டார் கையைச் சுடும்.

ஒயர் கிரைண்டரை எதற்கு விட வேண்டும் என்று கேட்பார்கள். விட வேண்டாம். மேலே கொட்டகையில் பிளக் இருந்தால் நாலு அங்குல ஒயர் கிரைண்டர்தான் இன்னும் ராஜா, அதுவும் கார்பன்தான். ஈர மணலில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து இணைப்பை அறுக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

எதை வாங்கினாலும் ராத்திரி பேட்டரியை மெஷினில் விட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. உப்பு ஈரம் படிந்த இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே 18 வோல்ட் நின்றுகொண்டே இருந்தால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து மைனஸ் பக்கம் போய் இழையாக வளரும். பச்சைப் பிசுக்கு தெரிவது அதன் ஆரம்பம். கார்பன் மெஷினில் இது சுவிட்சோடு நிற்கும். பிரஷ்லெஸ்ஸில் போர்டுக்குள்ளும் எட்டும். மாலையில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் வெளியே துடைத்து, பிறகு காய்ந்த துணி. காய்ந்த துணி மட்டும் போட்டால் உப்பு இடம் மாறும், போகாது. காற்று அடிப்பதானால் முதலில் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிக்காமல் அடித்தால் மோட்டாருக்குள் மூடுபனி விடுகிறோம்.

வோல்ட் விஷயத்தில் ஏமாற வேண்டாம். 18 வோல்ட் என்பது 3.6 வோல்ட் செல் ஐந்து. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 காட்டும், ஐந்துக்கு 21. அதனால் ‘21 வோல்ட்’ என்று விற்பதும் அதே பேட்டரிதான். 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டியதைத் திறந்தாலும் பெரும்பாலும் உள்ளே அந்த ஐந்து செல் வரிசைதான் இருக்கும். பேட்டரி எவ்வளவு கரண்டைச் சேர்த்து வைக்கும் என்று சொல்லும் ஆம்பியர் அவர் (Ah) எண்ணைப் பாருங்கள். கிரைண்டருக்கு 4 அல்லது 5 ஆம்பியர் அவர் இல்லாமல் வேலை ஓடாது. 2 ஆம்பியர் அவர் டிரில்லுக்குப் போதும், கைக்கும் எடை குறையும்.

கார்பன் என்று முடிவு செய்தால் கடையிலேயே மூடியைத் திறந்து கார்பனை வெளியே எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நம்பர் அச்சாகியிருக்கும். அதே நம்பரில் இரண்டு ஜோடி வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மெஷின் பெட்டியிலேயே வையுங்கள். தடைக்காலம் பாதி போனபின் கேட்டால் கடையில் அந்த நம்பர் மட்டும் தீர்ந்திருக்கும்.