தனியாகப் போகிறவர்களுக்கு ஏற்ற ட்யூப் தூண்டில்: நாராகான்செட் விரிகுடாவில் இழுத்துப் பார்த்த பிறகு

சும்மா பார்த்தால் இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயை ஒன்றரை அடிக்கு வெட்டி, சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். லேடெக்ஸ் குழாய், உள்ளே வளைத்த கம்பி, தலையில் ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலுகிற இணைப்பு), வால் முனையில் பெரிய முள், அவ்வளவுதான். அந்த முள்ளில் உயிருள்ள கடல்புழு ஒன்றைக் கோத்து, படகுக்குப் பின்னால் மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்கிற கோடு போட்ட கடல்மீனைப் பிடிக்கிறவர்களிடம் 'ட்யூப் அண்ட் வோர்ம்' என்று சொன்னால் உடனே புரியும். நான் வாங்கியது உள்ளூர் தூண்டில் கடையில் கொக்கியில் தொங்கிய பெயரில்லாத சரக்கு.

நான் மீன்பிடிப்பது ரோட் ஐலண்டில், நாராகான்செட் விரிகுடாவில், மிதித்து ஓட்டுகிற கயாக் என்கிற ஒடுக்கமான சிறு படகில், பெரும்பாலும் தனியாக. இந்த 'தனியாக' என்பது முக்கியம், ஏனென்றால் ட்ரோலிங், அதாவது படகுக்குப் பின்னால் இரையை இழுத்து மீன்பிடிக்கிற சாமான்களைப் பற்றி வருகிற பாராட்டெல்லாம் ஒருவர் படகோட்ட இன்னொருவர் ராடைப் பார்த்துக்கொள்கிற பெரிய படகுகளிலிருந்துதான் வருகிறது. குடைக்கம்பி மாதிரி விரிகிற அம்ப்ரெல்லா ரிக் மீனை நன்றாகவே இழுக்கும், ஆனால் நாலு கை கம்பி, அதில் தொங்குகிற பொய் இரைகள், முட்கள் எல்லாம் ஒரு தடவை சிக்கினால் ஆடுகிற கயாக்கில் உட்கார்ந்து பிரிப்பதற்குள் மீன்கூட்டம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மோஜோ என்கிற கனமான ஈயத்தலை இரையை இழுக்கத் தடித்த ராடும் மோட்டாரும் வேண்டும். பங்கர் ஸ்பூன் என்கிற பெரிய உலோகத் தகடு இரையும் அப்படித்தான், கம்பி நரம்பு, நீளமான ராடு என்று தனிக் குடித்தனமே கேட்கும். ட்யூபுக்கு ஒரு ராடு, ஒரு நரம்பு, இரண்டு கால் போதும்.

மெதுவாகப் போவதுதான் இதன் முழு ரகசியம். மணிக்கு 2 மைலுக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட நடந்து போகிற வேகம். இந்த வேகத்தில் வளைந்த குழாய் திருகு போலச் சுழன்றுகொண்டே வரும், மீன் அதை விலாங்கு என்று நினைக்கிறதா புழு என்று நினைக்கிறதா தெரியாது, வால் பக்கம் வருகிற புழு வாசனையை மோப்பம் பிடித்தபடி பின்னாலேயே வரும். 3 மைலைத் தாண்டினால் குழாய் வெறித்தனமாகச் சுற்ற ஆரம்பித்து நரம்பும் முறுக்கிக்கொள்ளும். மோட்டார் படகுக்காரர்கள் வேகத்தைக் குறைக்க முடியாமல் பின்னால் வாளியைக் கட்டி இழுக்கிறார்கள், கயாக்கில் அந்தத் தலைவலி இல்லை.

மே கடைசி, ஜூன் தொடக்கம்தான் இதற்கு நல்ல காலம். செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்ட மீன்கள் வடக்கே ஏறி வருகிற பருவம். விடிவதற்குள் கானிமிகட் முனையில் கயாக்கை இறக்கி, 1883 இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை இடது பக்கம் விட்டுவிட்டு, தெற்கே ராக்கி பாயின்ட் வழியாக வார்விக் நெக் வரை கரையின் சரிவு ஓரமாகவே மிதித்துப் போவேன். 10 முதல் 20 அடி ஆழம் இருக்கிற விளிம்புதான் ட்யூபுக்கு இடம். 2 அவுன்ஸ் ஈயம், அதற்குப் பின்னால் 4 அடி லீடர் (இரையை இணைக்கிற தனித் துண்டு நரம்பு), அப்புறம் ட்யூப். ஈயம் அவ்வப்போது அடியைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். வற்றம் ஓடுகிற நேரத்தில் முனையின் மணல்திட்டைச் சுற்றி நீரோட்டம் பலமாக இருக்கும், அங்கே விளையாட வேண்டாம்.

மீன் கடிக்கும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். ராடு நுனி டக் டக்கென்று ஆடியதும் கை தானாக வெட்டி இழுக்கப் போகும். கூடாது. மீன் அப்போது புழுவின் வாலைத்தான் கடித்துப் பார்க்கிறது. அதே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் அதுவே குழாயை விழுங்கி ராடை வளைத்துவிடும், அதுவரை ராடு ஹோல்டரிலேயே இருக்கட்டும். தனியாளுக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? அப்புறம் நல்ல மீனாக இருந்தால் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும், அதை ரசிக்கலாம்.

குறைகளும் உண்டு. பெரிய செலவு ட்யூப் இல்லை, புழு. பெரும்பாலும் மெய்ன் மாநிலத்துச் சேற்றுக்கரைகளில் தோண்டி எடுத்து வருவது, டஜன் கணக்கில் விற்பார்கள், விலை கேட்டால் நம் ஊரில் நெத்திலி வாங்கிக் குழம்பே வைத்துவிடலாம். அதற்குக் கொடுக்கு மாதிரி இரண்டு பல் இருக்கிறது, கோக்கும்போது விரலைக் கடிக்கும். தண்ணீர் சூடேறி ஸ்கப் மீன்கள் வந்துவிட்டால் புழுவைக் கொத்திக் கொத்தித் தின்றுவிடும், நீங்கள் வெறும் குழாயை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். ப்ளூஃபிஷ் வந்தால் குழாயே பாதியாகிவிடும், அதன் பல் அப்படி. பாசி மிதக்கிற நாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அந்த மாதிரி நாளில் இதைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் புழுவும் போட்டுப் பார்த்தேன், மீன் கிடைக்காமல் இல்லை, ஆனால் ஒரே தடத்தில் நிஜப் புழுவுக்கு விழுகிற கடி அதற்கு விழவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இயற்கை இரை வைத்து ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடித்தால் சர்க்கிள் முள் (நுனி உள்பக்கமாக வளைந்த முள்) கட்டாயம் என்று 2021 இல் விதி வந்தது, ஆனால் பொய் இரையோடு இயற்கை இரையைச் சேர்த்துக் கோத்தால் விலக்கு உண்டு, அதனால் ட்யூப் தப்பித்தது. 2023 முதல் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்குள்ளும் இருக்கிற மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஆளுக்கு நாளைக்கு ஒன்று. 2015 இல் பிறந்த மீன்கள் அடுத்தடுத்து முட்டையிடட்டும் என்பதற்காகக் கொண்டுவந்த கட்டுப்பாடு. கடல் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். பெரிய மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம், ஒற்றை முள் என்பதால் இது சுலபம். மூன்று கொக்கி உள்ள பொய் இரையை மடியில் துள்ளுகிற மீனிடமிருந்து பிடுங்குவது தனியாளுக்குப் பயங்கரம்.

மே மாதத் தண்ணீர் உறைய வைக்கும், வெயிலை நம்பி சட்டையோடு போகாதீர்கள், தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட்டும் லைஃப் ஜாக்கெட்டும் உடம்பில் இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று எழும், அதற்கு முன்பே கரை திரும்பிவிடுவது நல்லது.

நிறத்தில் எனக்குக் கருஞ்சிவப்புதான் முதல், வெளிச்சம் குறைவாக இருந்தால் கறுப்பு. கடையில் வாங்கும்போது குழாயைத் தொங்கவிட்டுப் பாருங்கள், நேராக நின்றால் வேண்டாம், நல்ல வளைவு இருப்பதை எடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் சுற்றாது. எனக்குக் கிடைத்ததில் முள் மட்டமான ரகம், சீக்கிரமே துருப்பிடித்தது. இருந்தாலும் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கயாக்கில் தனியாகப் போகிறவர்கள் இரண்டு வாங்கி வையுங்கள், இரண்டாவது ப்ளூஃபிஷுக்கு.