வயிற்றுப்போக்கை 'டீடாக்ஸ்' என்று சொல்லும் ரா டயட் ஆட்களிடம் உஷார்

நாய் தத்தெடுத்தவர்கள் எல்லாருக்கும் இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் படும்: "சோறு நாய்க்கு விஷம். பச்சைக்கறிதான் இயற்கை உணவு." நாய்க்கு வேகவைக்காத கறியையும் எலும்பையும் உணவாகக் கொடுக்கும் இந்த முறைக்குத்தான் 'ரா டயட்' என்று பெயர். சென்னையில் இப்படி விளம்பரம் செய்யும் ஒருவரிடம் நாங்கள் பணம் கட்டினோம். அவர் கொடுத்த சாப்பாட்டாலும் அவர் சொன்ன பொய்யாலும் எங்கள் செம்பி டிரிப் ஏற்றும் நிலைக்குப் போனாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

செம்பி காப்பகத்திலிருந்து வந்த நாட்டு நாய். ஒன்றரை வயது இருக்கும், எடை 12 கிலோ. அங்கே சோறும் வேகவைத்த கோழித்தலையும் கோழிக்காலும்தான் சாப்பாடு. அனுப்பும்போதே காப்பகத்து அக்கா, "ரெண்டு வாரம் இதையே கொடுங்க, முதல்ல வீடு பழகட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதை நான் விற்பவரிடம் அப்படியே சொன்னேன். தன்னை 'நாய் ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்ளும் அவர் போனிலேயே சிரித்தார். "அக்கா, அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் பட்டினி போடுங்க, மறுநாள் நேரா ரா கொடுங்க. சோறும் பச்சைக்கறியும் ஒண்ணா உள்ள போனாதான் செரிக்காது" என்றார். இதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது என்று பிறகு மருத்துவர் சொன்னார். எந்த நாய்க்கும் சாப்பாடு மாற்றுவதென்றால் ஏழு முதல் பத்து நாள் பழையதோடு புதியதைக் கலந்து, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். புதிதாக வந்த நாய்க்கு இன்னும் நிதானம் வேண்டும். இடம் மாறிய பயத்திலேயே அதற்கு வயிறு இளகும். காப்பகத்தில் ஒட்டிய குடற்புழுவும் உள்ளே இருக்கக்கூடும்.

திட்டம் இதுதான்: 80 சதவீதம் கறி, 10 சதவீதம் எலும்பு, 10 சதவீதம் ஈரல் போன்ற உள்ளுறுப்புகள். ரா டயட் பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் வரும் கணக்குதான். கிலோ 420 ரூபாய், மூன்று மாதத்துக்கு 13,000 ரூபாய் முன்பணம். அதோடு 'கால்சியம் பவுடர்' என்று ஒரு வெள்ளை டப்பா, 900 ரூபாய். டப்பாவில் ஒரு எழுத்துகூட இல்லை.

முதலில் வந்த பாக்கெட்டுகள் நன்றாகவே இருந்தன. கறித்துண்டு, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அடுத்த தடவை வந்தது வேறு சரக்கு. எல்லாம் அரைத்த கூழ், வெளிறிய நிறம், விரலில் ஒட்டும் கொழுப்பு. பாக்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் இளஞ்சிவப்பாக ரத்தத்தண்ணீர் கட்டியாக உறைந்திருந்தது. பாக்கெட் வழியில் எங்கோ உருகி, தண்ணீர் ஒரு பக்கம் வடிந்து, மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். உருக வைத்து, தண்ணீரை வடித்து எடை போட்டால் ஒரு கிலோ பாக்கெட்டில் 700 கிராம்கூட இல்லை. கூழை விரலால் நசுக்கிப் பார்த்தால் தோலும், கழுத்தெலும்பின் கூரான சில்லுகளும்தான் அதிகம். தயாரித்த தேதி கிடையாது, எதில் எவ்வளவு என்ற விவரமும் கிடையாது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "புது பேட்ச் அக்கா, ஃபைன் கிரைண்ட், செரிமானத்துக்கு நல்லது" என்று பதில் வந்தது.

செம்பிக்கு அதற்கு முன்பே வயிறு இளகித்தான் இருந்தது. ஒவ்வொரு முறை கேட்டபோதும் ஒரே பதில்: "டீடாக்ஸ் ஆகுது அக்கா. இத்தனை நாள் சாப்பிட்ட சோத்தோட நச்சு எல்லாம் வெளிய வருது. டாக்டர்கிட்ட போனீங்கன்னா ஆன்டிபயாட்டிக் போட்டுக் கெடுத்துடுவாங்க." இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. நாய்க்கு என்ன ஆனாலும் அது மருந்து வேலை செய்வதற்கான அடையாளமாகிவிடுகிறது, டாக்டர் எதிரியாகிவிடுகிறார். டீடாக்ஸ் என்று நாய்க்கு ஒன்றும் கிடையாது. நச்சை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வயிற்றுப்போக்கு குடல் கெட்டுப்போனதன் அறிகுறி, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் மலத்தில் சளியும் ரத்தமும் வந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஈறு ஈரமே இல்லாமல் ஒட்டியது. தோளில் தோலைப் பிடித்து விட்டால் உடனே இறங்காமல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு இதுதான் அடையாளம், நாய் வளர்ப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் பெருங்குடலில் எலும்புச் சில்லுகள் திட்டாகத் தெரிந்தன. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை. டிரிப், வாந்திக்கு ஊசி, புழு மாத்திரை. டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்: புழுவாலும் பயத்தாலும் ஏற்கெனவே புண்பட்டிருந்த குடலில் கொழுப்பும் எலும்பும் கிருமியும் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கின்றன. இன்னும் கொழுப்பு கூடியிருந்தால் கணையமே வீங்கியிருக்கலாம் என்றார்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு வெறும் கறியாகவே கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சும்; கால் வளையும், சின்னக் குதியிலேயே எலும்பு முறியும். அளவு தெரியாத பவுடரை அள்ளிப் போட்டாலும் ஆபத்துதான், முக்கியமாகப் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு.

'நாய் என்பது ஓநாய்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2013-இல் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்குப் பல மடங்கு. மனிதர் மிச்சம் வைத்ததைத் தின்று வளர்ந்த இனத்துக்குச் சோறு விஷம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனசு வருகிறதோ.

கிருமி விஷயம் நாயோடு நிற்பதில்லை. அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-12 காலகட்டத்தில் செல்லப்பிராணி உணவுகளைச் சோதித்தது. அதில் 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-இல் சால்மோனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. ஃப்ரீசரில் வைத்தால் இவை சாகாது, தூங்கும். எங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா இருக்கிறார். செம்பி போய் நக்குவது முதலில் அவர் கையைத்தான். "எங்க சரக்கு ஃப்ரோசன், கிருமியே இருக்காது" என்று எழுதியே கொடுத்தார் அந்த ஆள்.

பச்சைக்கறி கொடுத்து நன்றாக நாய் வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை பார்த்து, தெரிந்த கடையில் கண்முன்னே வெட்டி வாங்குகிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. "உங்க நாய்க்கு முன்னாடியே நோய் இருந்திருக்கு, காப்பகத்துக்காரங்களைப் போய்க் கேளுங்க" என்றார். அப்புறம் டீடாக்ஸ் பற்றி அவர் அனுப்பிய மெசேஜ்கள் ஒவ்வொன்றாக 'அழிக்கப்பட்டது' என்று மாறின. கடைசியில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். போஸ்டரில் போட்டிருந்த பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை அவர்களின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தேடினேன்; வேறு யாரோ ஒருவரின் பெயரில், காலாவதியான உரிமம் வந்தது. மனிதர் சாப்பிடும் உணவுக்கான உரிமம் அது. நாய்ச் சாப்பாடு நல்லது என்பதற்கு அது சான்றே ஆகாது, அதுவும் அடுத்தவருடையதைப் போட்டிருக்கிறார்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்புக்கு முகவரி வேண்டுமே! பில்லில் முகவரி இல்லை, யு.பி.ஐ.யில் ஒரு தனி நபரின் பெயர் மட்டும்தான். அதனால் பணம் கட்டும் முன் முழு முகவரியோடு பில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மூன்று மாத முன்பணம் யார் கேட்டாலும் தராதீர்கள், ஒரு வாரச் சரக்குக்கு மட்டும் கொடுங்கள்.

ஏற்கெனவே இவரிடம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழியும் முன். பிரிக்காத பாக்கெட் ஒன்றைத் தனியாக ஃப்ரீசரில் வையுங்கள். மருத்துவரிடம் 'எலும்புச் சில்லு, பச்சை உணவு' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மீதிச் சரக்கை அப்படியே குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், தெருநாய்கள் கிழித்துத் தின்றுவிடும். வேகவைத்துக் கொடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், வெந்த எலும்பு எளிதில் கூரான சில்லாக உடையும். இரண்டு மூன்று கவர் போட்டு இறுகக் கட்டி, துப்புரவுப் பணியாளர் வண்டி வரும்போது விவரம் சொல்லி நேராக ஒப்படையுங்கள். அப்புறம் ஃப்ரீசர் தட்டை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள்.