எக்செல் பதிவேடா, ஷேர்பாயிண்டா: பழைய ரிவிஷனை எது விலக்கி வைக்கிறது?

சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை பார்க்கும் இரும்புப் பட்டறையில் டிராயிங்குகள் என் பொறுப்பு. பல வருடம் பொது ஃபோல்டரும் எக்செல் பதிவேடுமாக ஓட்டினோம். போன வருடம், கோப்புகளை அவற்றின் பதிப்புகளோடு ஒரே இடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டுக்கு மாறினோம். மாறலாம் என்று கேட்டதே நான்தான்.

எக்செலுக்குத் தனிச் செலவில்லை, பயிற்சியும் வேண்டாம். அது சரி. ஆனால் பதிவேடு ஓரிடம், கோப்பு வேறிடம். பதிவேட்டில் ஒரு டிராயிங்கின் ரிவிஷனை, அதாவது திருத்தப் பதிப்பை, ‘சி’ என்று நான் மாற்றிய பிறகும் முந்தைய ‘பி’ கோப்பு ஃபோல்டரிலேயே கிடக்கும். அப்படித்தான் ஒருமுறை பன்னிரண்டு பிராக்கெட்டுகளில் துளை பழைய இடத்தில் விழுந்தது. “அக்கா, ஃபோல்டர்ல இருந்ததத்தான் எடுத்தேன்” என்றார் ஃபிட்டர் தம்பி. அவர்மேல் தவறே இல்லை.

புதிய ரிவிஷனை வெளியிடுவது எளிது. பழையதைப் புழக்கத்திலிருந்து எடுப்பதுதான் பாடு. ஷேர்பாயிண்டை நான் விரும்புவது இதற்காகவே. வரைவுகள் 1.1, 1.2 என்று ஏறும்; ஒப்புதல் கிடைத்ததும் 2.0 ஆகும். ஒப்புதல் வசதியைப் போட்டு, வரைவுகளை மற்றவர் கண்ணில் படாமல் வைத்துவிட்டால், அதுவரை பட்டறைக்குத் தெரிவது 1.0 மட்டும். பிறகு அதே இணைப்பில் 2.0 திறக்கும். பழையது அழிவதில்லை, வரலாற்றில் தேடிப் போனால்தான் கிடைக்கும். ஆடிட்டர் கேட்டால் காட்டலாம். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.5.3 பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதோடு பாதுகாத்து வைப்பதையும் கேட்கிறதே.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். கோப்பின் பெயரில் ரிவிஷன் எழுத்தைச் சேர்க்கவே கூடாது. வேறு பெயரில் ஏற்றினால் அது வேறு கோப்பு. ‘பி’யும் ‘சி’யும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், 2.0 என்பது ஷேர்பாயிண்டின் பதிப்பு எண், டிராயிங்கின் ரிவிஷன் அல்ல. ரிவிஷனுக்குப் பட்டியலில் தனி நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது சில நூறு டிராயிங்குகள்தான். அகோனெக்ஸ் போன்ற, பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கான ஆவண மென்பொருள்களில் வாடிக்கையாளர் அனுப்புவதைப் பெற்றிருக்கிறேனே தவிர, நடத்தியதில்லை. பெரிய திட்டங்களுக்கு என் பேச்சை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட தாளை இரண்டுமே திரும்ப வாங்கித் தராது. புதுத் தாள் கொடுக்கும்போதே பழையதைக் கையில் வாங்கி, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன். பட்டறைக்கு நானே நடந்து போய்த்தான்.