நெல்லு மூட்டையா கிலோ அரிசியா, காஸா விறகா: எங்கட வீட்டு வருசக் கணக்கு

மாச பட்ஜெட் போடுங்க எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் கலியாணம் கட்டின புதுசில கொப்பி வாங்கி கோடெல்லாம் போட்டுப் பாத்தன், ரெண்டு மாசத்தில விட்டுட்டன். ஏனெண்டா இவர் திருகோணமலை நிலாவெளியில போட் ஓட்டுற ஆள், டூரிஸ்ட் ஆக்கள புறாத்தீவுக்கும் டொல்பின் காட்டவும் கூட்டிட்டுப் போறது. வைகாசியில தொடங்கி புரட்டாதி வரைக்கும் காசு வரும், பிறகு வாடை எழும்பிட்டா கடல் குமுறும், போட்ட கரையில ஏத்திக் கவுத்து வைக்கிறதுதான். மாரியில மேசன்மாருக்குக் கையாளாப் போவார், மழை பெஞ்சா அதுவும் இல்ல. போன வருசம் மொத்தமா கையில வந்தது 7 லட்சத்து 40 ஆயிரம், அதில 5 லட்சத்துக்கு மேல அந்த அஞ்சு மாசத்திலயே வந்தது. நாங்க ரெண்டு பேர், மாமி, பிள்ளைகள் ரெண்டு, ஆக அஞ்சு வயிறு. இதுக்கு மாசக் கணக்கு சரிவராது, வருசக் கணக்குத்தான்.

வருசத்துக்குப் பாக்கத் தொடங்கினாப் பிறகுதான் ஒரு விசயம் விளங்கிச்சு. சாமான் மலிவா இருக்கிற நேரம் எங்கட கையில காசு இல்ல, காசு இருக்கிற நேரம் அந்தச் சாமான் மலிவில்ல. எது மலிவு எண்டு மட்டும் பாத்தா காணாது, எப்ப மலிவு, அப்ப காசு எங்கால வரும் எண்டும் சேத்துப் பாக்க வேணும். கீழ சொல்லப் போறதெல்லாம் இதைத்தான் சுத்திச் சுத்தி வரும், இப்பவே சொல்லிப் போட்டன்.

முதல்ல சோறு. நாங்க ஒரு நாளைக்கு ஒண்டே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய அரிசி போடுறம், வருசத்துக்கு 430 கிலோ மாதிரி. கடையில கிலோ கிலோவா வாங்கினா, 2024 டிசம்பர்ல நாட்டரிசிக்கு அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலை 230, அந்தக் கணக்கில 98,900 ரூபா. இனி நெல்லாப் பாப்பம். ஒரு கிலோ நெல்லு குத்தினா 650 கிராம் அரிசி வரும், உமி தவிடு போக. 66 கிலோ மூட்டை பத்து எடுத்தா 660 கிலோ, அதில 429 கிலோ அரிசி, எங்களுக்கு அளந்து வைச்ச மாதிரி. 2025 மாசியில அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவிச்ச விலை கிலோ 120, ஆக 79,200. வித்தியாசம் 19,700.

இந்த இடத்தில நிண்டு சந்தோசப்படக் கூடாது, நான் முதல் வருசம் அப்பிடித்தான் சந்தோசப்பட்டு ஏமாந்தன். தம்பலகாமத்தில இருந்து லேண்ட்மாஸ்டர்ல (ரெண்டு சில்லு டிராக்டர்) ஏத்திக் கொண்டு வாற கூலி, சாக்கு, குத்துக்கூலி எல்லாம் சேத்து எங்களுக்கு 8,000 கிட்ட போகுது. அதோட மெஷின் வெட்டினவுடன வயல்லயே வாங்கினா நெல்லில ஈரம் இருக்கும். அரசாங்கத்துக்கு நெல்லு வாங்கிற நெல்லுச் சபையே 14 வீதத்துக்கு மேல ஈரம் இருந்தா முழு விலை குடுக்காது, நாங்க மட்டும் ஏன் குடுக்கோணும்? 20 வீதம் ஈரத்தோட 66 கிலோ வாங்கினா, காயவைச்சு 14க்கு வரேக்க 61 சொச்சம்தான் நிக்கும், மூட்டைக்கு நாலரைக் கிலோ தண்ணிக்குக் காசு குடுத்த கணக்கு. அதால ஒண்டில் காஞ்ச நெல்லு கேளுங்க, இல்லாட்டி விலையில அதைக் கழிங்க. வாயில போட்டுக் கடிச்சா டக்கெண்டு முறியோணும், நசிஞ்சா ஈரம், மாமிக்கு மீட்டர் எல்லாம் தேவையில்ல.

எல்லாம் கழிச்சா மிஞ்சிறது 11,000 மாதிரி. அதுக்கு அவிக்கிறது, காயவைக்கிறது, கோழி விரட்டிறது, மில்லில லைன்ல நிக்கிறது எண்டு ஏழெட்டு நாள் வேலை. ஒரு நாள் கூலியாப் பாத்தா பெருசில்ல, வெளிய வேலைக்குப் போற பொம்பிளைக்கு இது நட்டம் எண்டுதான் சொல்லுவன், அவங்க கடை அரிசியே வாங்கட்டும். வீட்டில மாமி மாதிரி ஒரு ஆள் இருந்தா சரிவரும். (மாமி இதை வாசிச்சா "என்ட நாளுக்குக் கூலி இல்லையோ பிள்ளை" எண்டு கேப்பா, நியாயமான கேள்விதான்.)

ஆனா கொப்பியில எழுத ஏலாத ஒரு லாபம் இருக்கு. 2024 கடைசியில கடையில நாட்டரிசி இல்லாமப் போச்சே, கட்டுப்பாட்டு விலை ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கமும் இல்ல, அந்த நேரம் எங்கட வீட்டில மூண்டு மூட்டை கிடந்தது. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து ரோட்டெல்லாம் அறுபட்ட நேரமும் அப்பிடித்தான், குத்தி வைச்ச அரிசி எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் காணுமா இருந்தது. அதோட பழைய நெல்லரிசி பானையில நல்லாப் பெருகும், புது அரிசி குழைஞ்சு போகும், பிள்ளைகளும் தின்னாது.

கெட்டதையும் சொல்லோணும். 2023ல சீமெந்து நிலத்தில நேரா அடுக்கி வைச்சு, மாரியில ஓதம் ஏறி ரெண்டு மூட்டை பூத்துப் போச்சு, கோழிக்குத்தான் போட்டன். அந்த வருசம் லாபம் எண்டு ஒண்டும் இல்ல. இப்ப பலகை அடிச்சு சுவரில முட்டாம வைக்கிறம், வேப்பிலை போடுறம், நெல்லா வைச்சு ஒரு மூட்டை ஒரு மூட்டையா குத்திறம். அரிசியாக் குத்தி வைச்சா வண்டு விழுந்திடும்.

இப்ப பிரச்சினைக்கு வாறன். பெரும்போக வெட்டு மாசி பங்குனியில, நெல்லு கனக்க வந்து விலை விழுற நேரம் அதுதான், எங்கட கை துடைச்ச மாதிரி இருக்கிற நேரமும் அதுதான். சிறுபோகம் ஆவணி புரட்டாதியில, அப்ப எங்களிட்ட காசு இருக்கு, ஆனா விளைச்சல் குறைவு, விலையும் இறங்காது. அப்ப மாசியில பாதி, அஞ்சு மூட்டை வாங்கவே 40,000 எங்கால எடுக்கிறது?

மூண்டு வழி, நான் மூண்டிலயும் விழுந்து எழும்பின ஆள்.

கடைக் கொப்பி. நெல்லே வேண்டாம், முதலாளியிட்ட அரிசியக் கடனுக்கு எடுத்து சீசன்ல கட்டுறது. வட்டி இல்ல எண்டு எல்லாரும் நினைப்பாங்க. கிலோவுக்கு 10 ரூபா கூடப் போட்டா, வருசம் முழுக்க அப்பிடி எடுத்தா 4,300 ரூபா, அதுதான் வட்டி. அதை விட மோசம், கொப்பியில எழுதேக்க கை வலிக்காது, பிஸ்கட்டும் சோடாவும் தானா வந்து ஏறிடும். நான் முதலாளியக் குறை சொல்லேல்ல, அவரும் தன்ட காசத்தான் எங்கட வீட்டில முடக்கிறார், புயல் கிழமையில "தங்கச்சி, எடுத்துக் கொண்டு போங்க, பிறகு பாப்பம்" எண்டு சொன்ன மனிசன். அதால கொப்பிய முழுசா மூடவும் மாட்டன், ஆபத்துக்கு மட்டும் வைச்சிருக்கிறன்.

அடகு. சங்கிலிய வைச்சு மாசியில 40,000 எடுத்து ஆனியில மீட்டா நாலு மாசம். வருச வட்டி 12 வீதம் எண்டு வைச்சா 1,600 ரூபா. அஞ்சு மூட்டையில எனக்கு வாற லாபம் 5,500, ஆக அடகு வைச்சு நெல்லு வாங்கினாலும் லாபம்தான், இது எனக்கே ஆச்சரியம். வட்டி 24 எண்டு ஏறினா 3,200, அப்ப லாபத்தில பாதிக்கு மேல போயிடும், அந்த மாதிரி வருசத்தில தொடவேணாம். இன்னொண்டு, இது நாலாம் மாசம் கட்டாயம் மீட்டா மட்டும்தான். ஆனியில மழையோ, நாட்டில ஏதும் குழப்பமோ வந்து டூரிஸ்ட் வராட்டி சங்கிலியும் போய் வட்டியும் போகும். 2019 ஈஸ்டர் குண்டு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி, அடுத்தடுத்து பாத்த ஆக்கள் நாங்க.

சீட்டு. பன்னிரண்டு பேர், ஆளுக்கு 5,000, மாசம் 60,000. எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா பிடிக்கிறா, ஏலம் கழிவு ஒண்டும் இல்ல, ஆளுக்கொரு மாசம் பேசி எடுக்கிறது. ஆனியில தொடங்கினா வைகாசியில முடியும், நான் கேட்டு வாங்கினது மாசி முறை. அதுவரைக்கும் 45,000 கட்டி முடிஞ்சிருக்கும், 60,000 எடுப்பன், மிச்சம் 15,000 பங்குனி, சித்திரை, வைகாசியில கட்டுறது. வட்டி சதமும் இல்ல. ஆனா ஐப்பசியில இருந்து மாசா மாசம் 5,000 கட்டுறது இருக்கே, அது உயிர் போற வேலை. போன மார்கழி நான் என்ட தோட்டை வைச்சுத்தான் கட்டினன், ஆக சீட்டுக்குள்ளயும் அடகு ஒளிச்சிருக்கு. இப்ப புரட்டாதியிலயே அஞ்சு மாசக் காசு 25,000 எண்ணி வேற கவர்ல போட்டு மாமியிட்ட குடுத்து வைக்கிறன், மாமி சாமிப் படத்துக்குப் பின்னால வைப்பா, இவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாத மாதிரி.

வீட்டுக்கு வந்து கிழமைக்கிழமை வசூலிக்கிற லோன் நாலாவது வழியா நான் சேக்கவே இல்ல. 2018ல வரட்சி மாவட்டங்கள்ல பொம்பிளையள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்கடன அரசாங்கமே தள்ளுபடி செய்யிற அளவுக்குப் போனது, பிறகு மத்திய வங்கி வட்டிக்கு 35 வீதம் எண்டு உச்சம் போட்டது. 35 வீதமே உச்சம் எண்டா அதுக்கு முதல் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. நெல்லில வாற லாபம் அந்த வட்டிக்கு ஒரு மூலைக்கும் காணாது.

ஆக என்ட முடிவு: சீட்டு முதல், அடகு ரெண்டாவது, கொப்பி ஆபத்துக்கு. பத்து மூட்டையையும் ஒரேயடியா எடுக்கிறதில்ல, மாசியில ஆறு, புரட்டாதியில நாலு.

அடுத்தது அடுப்பு. காஸில மட்டும் சமைச்சா 12.5 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 35 நாள், வருசத்துக்கு பத்தரை, ஒண்டு 3,700 எண்டு வைச்சா 38,500 ரூபா. சோறும் சுடுதண்ணியும் விறகில, கறியும் தேத்தண்ணியும் காஸில எண்டா 70 நாள் ஓடும், 19,000 சொச்சம். விறகுக்கு எனக்கு வருசம் 6,000, மிச்சம் தென்னை மட்டை, சிரட்டை, பக்கத்து வளவுப் பனை மட்டை. 13,000 மிச்சம், இது நெல்லை விடக் கூட, வேலையும் குறைவு. ஆனா புகை. மாமிக்கு இருமல் வந்தாப் பிறகு அடுப்ப வெளியில தகரப் பத்திக்கு மாத்தினம், அப்பிடி வெளிய வைக்க இடமில்லாத வீட்டுக்கு விறகு வேண்டாம், மிச்சம் பிடிச்ச காசு மருந்துக்குப் போகும். மாரியில ஈர விறகு ஊதி ஊதியே ஆள் செத்துப் போகும், அதால ஐப்பசிக்கு முதல் விறகடுக்கி, ஒரு சிலிண்டரையும் நிரப்பி ஸ்பெயரா வைக்கோணும். இதுவும் சீசன் காசில செய்யிற வேலைதான்.

சின்ன சிலிண்டர் வாங்கினா நட்டம் எண்டு ஒரு கதை இருக்கு, ஷாம்பு பாக்கெட் மாதிரி நினைச்சு. 2024 ஜூலையில லிட்ரோ காஸ் கம்பனி குறைச்ச கொழும்பு விலை 12.5 கிலோ 3,690, 5 கிலோ 1,482, 2.3 கிலோ 694. கிலோவுக்குப் பிரிச்சா 295, 296, 302. வித்தியாசமே இல்ல. கையில காசு இல்லாத மாசத்தில 5 கிலோ எடுக்கிறதுக்கு வெக்கப்படத் தேவையில்ல, நானும் எடுக்கிறன்.

ரைஸ் குக்கர் கேக்கிற ஆக்களுக்கு: ஒரு தரத்துக்கு கால் யூனிட் எண்டா மாசம் ஏழெட்டு யூனிட், அது பெருசில்ல. ஆனா உங்கட மீட்டர் மாசம் 55 யூனிட்டில நிக்குதா எண்டு பாருங்க. 60க்குள்ள ஒரு கணக்கு, தாண்டினா முதல் யூனிட்டில இருந்தே வேற கணக்கு, நிலையான கட்டணமும் பாயும். நாங்க 50ல நிக்கிறம், குக்கர் இருக்கு, மழை நாளுக்கு மட்டும்.

மீன் கதை சுருக்கம். கடல் அமைதியா இருக்கிற மாசங்கள்ல கரைவலைச் சூடை, நெத்தலி மலிவு, மூண்டு கிலோ காயவைச்சா ஒரு கிலோ கருவாடு. கருவாடா, டின் மீனா எண்டு கேட்டா கருவாடுதான், ஒரு பிடியில ஒரு சட்டி குழம்பு. 2025ல உப்புத் தட்டுப்பாடு வந்து உப்பு விலை ஏறினபோது மட்டும் கை நடுங்கிச்சு. கோதுமை மாவப் பத்தி என்ன சொல்ல, இங்க சீனன்குடாவில மா ஆலை கண்ணுக்கு முன்னால நிக்குது, கடையில எல்லா ஊருக்கும் உள்ள விலைதான்.

மோட்டச்சைக்கிளா பஸ்ஸா எண்டு இவரோட வாக்குவாதம் இன்னும் முடியேல்ல, விடிய நாலு மணிக்கு போட்டடிக்குப் போக பஸ் இல்ல எண்டு அவர் சொல்றதும் சரிதான், மத்தியானம் சும்மா டவுனுக்குச் சுத்தப் போறதுக்கும் அதே சைக்கிள்தான் எண்டு நான் சொல்றதும் சரிதான்.

இந்த முறை சீட்டு போன கிழமை கைக்கு வந்திட்டுது, 60,000. காலையில இவரும் நானும் தம்பலகாமம் போறம், ஆறு மூட்டை பேசி வைச்சிருக்கு. இவர் ஏழு எடுப்பமோ எண்டு கேக்கிறார். மாமி தறப்பாளக் கழுவிக் கொடியில போட்டுட்டு, "மோனே, முதல்ல கடிச்சுப் பாத்துட்டு வாங்கு" எண்டு மூண்டாந்தரமாச் சொல்லிக் கொண்டு நிக்கிறா.