ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ: ஆன்லைன் ரோல்பிளேக்கு எந்த மேசை?

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளேக்கு இணையத்தில் கிடைக்கும் மேசைதான் விர்ச்சுவல் டேபிள்டாப். அதில் எதை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது எல்லோரும் வசதிகளைத்தான் எண்ணுகிறார்கள். எதில் வெளிச்சம் அழகாக விழுகிறது, எதில் பகடை முப்பரிமாணத்தில் உருள்கிறது, எதில் விதிகள் தாமாகவே கணக்குப் போட்டுக்கொள்கின்றன என்று பார்க்கிறார்கள். எனக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். ஒரு வாரத்து ஆட்டத்துக்காகக் கதை நடத்தும் ஜிஎம் கணினி முன்னால் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நான் பார்த்தவரை, பல வாரம் தொடரும் கதைகளான கேம்பெயின்கள் பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் ஜிஎம் தயார் செய்து தயார் செய்தே களைத்துப்போவதுதான்.

இங்கே சிங்கப்பூரில் நம் ஆட்கள் ஒன்றுசேரும் விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஷிஃப்ட் வேலை. தேசிய சேவையில் இருக்கும் தம்பி வார இறுதியில்தான் முகாமைவிட்டு வருவார். ஜொகூர் பாருவில் இருப்பவருக்கு நம் நேரம்தான், ஆனால் வேலை முடிந்து பாலத்தின் நெரிசலைத் தாண்டி வரச் சொல்ல முடியாது. சென்னைக்குத் திரும்பிவிட்ட நண்பர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார். நமக்கு இரவு 9 மணி என்றால் அவருக்கு மாலை 6.30, அப்போதுதான் ஆபீஸ் வேலை முடியும். எல்லோரும் ஊரிலேயே இருந்தாலும், வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் நள்ளிரவு வரை கத்திக்கொண்டு பகடை உருட்டினால் வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டாமா? ஆகவே ஆன்லைன். கிடைப்பது இரண்டரை, மூன்று மணி நேரம். அதில் அரை மணி நேரம் “எனக்கு மேப் தெரியலையே” என்பதிலேயே போனால் அன்றைக்குக் கதை நகராது.

இப்படிப் பார்த்தால் அவுல்பேர் ரோடியோவுக்கு ஈடு கிடையாது. 2020இல் வந்தது, 2023இல் இரண்டாம் பதிப்பாகப் புதுப்பிக்கப்பட்டது. மேப் படத்தை ஏற்றுகிறீர்கள், கட்டத்தைப் பொருத்துகிறீர்கள், பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கன்களை வைத்து லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். ஆட வருபவர் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, எதையும் இறக்க வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே கூட நுழைந்துவிடலாம். இன்னும் போகாத அறைகளை ஜிஎம் இருட்டால் மூடி வைத்திருப்பார், கதவைத் திறந்ததும் விலக்குவார். அதற்குமேல் அது எதற்கும் ஆசைப்படுவதில்லை. பாத்திரத்தின் திறன்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட் கிடையாது. எந்த ஆட்டத்தின் விதியும் அதற்குத் தெரியாது. யாருக்கு எத்தனை உயிர்ப் புள்ளி மிச்சம் என்பதை எக்ஸ்டென்ஷன் என்ற துணைநிரலைச் சேர்த்துக் காட்டலாம், அல்லது தாளிலேயே எழுதிக்கொள்ளலாம். பேச்சுக்கு டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலி வேண்டும். டிஸ்கார்டின் சத்தம் குறைக்கும் வசதியை எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது, அடுப்படியில் மிக்ஸி ஓடினாலும் பேச்சு கேட்கும்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இதையே சொல்வேன். முதல் சில செஷன்களில் தெரிய வேண்டியது இந்தக் குழு தொடர்ந்து கூடுமா என்பதுதான். அது தெரியும் முன்பே பெரிய மென்பொருளில் உழைப்பைக் கொட்டுவது வீண்.

ரோல்20 எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டித் தொடங்கினார்கள். பிரவுசரிலேயே ஓடும், இலவசக் கணக்கு உண்டு. அதன் உண்மையான பலம் இரண்டு. ஒன்று, ஆட்கள். குழு இல்லாதவர் குழு தேடவும், குழுவுக்கு ஆள் தேடவும் அதிலேயே வழி இருக்கிறது. இரண்டு, கேரக்டர் ஷீட்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ரோல்பிளே ஆட்டத்துக்கு மட்டுமல்லாமல் பலரும் கேள்விப்படாத சின்னச் சின்ன ஆட்டங்களுக்கும் அங்கே ஷீட் இருக்கிறது, பெரும்பாலானவை ஆடுபவர்களே எழுதிக் கொடுத்தவை. ஷீட்டில் ஒரு திறனைத் தட்டினால் பகடை உருண்டு, கூட்டல் கழித்தலோடு விடை சாட்டில் வந்து விழும். விற்பனையில் இருக்கும் கதைத் தொகுப்பை அங்கேயே வாங்கினால் மேப்பும் எதிரிகளும் தயாராக வரும். வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வீடு வந்து 9 மணிக்கு ஆட்டம் நடத்தும் ஜிஎம்முக்கு இது பெரிய உதவி.

குறை எங்கே என்றால், இலவசக் கணக்கின் இடம் 100 எம்பியை ஒட்டித்தான். தரமான மேப் படங்கள் சில பத்து சேர்ந்தாலே நிரம்பிவிடும். டோக்கன் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தெரிவதை மட்டும் காட்டும் டைனமிக் லைட்டிங்கைப் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டியவர்களின் ஆட்டங்களுக்கே வைத்திருந்தார்கள். சந்தா என்றால் டாலரில், விடாமல். வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைகளுக்கும் 2020 முதல் இங்கே பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. விலைப் பக்கத்தில் பார்க்கும் தொகைக்கு மேலே அதுவும் சேரக்கூடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

ஃபவுண்ட்ரி இதற்கு நேர் எதிரான வழி. 2020 மே மாதம் வெளியானது. ஜிஎம் ஒருவர் மட்டும் ஒருமுறை வாங்கினால் போதும், அடிப்படை விலை 50 அமெரிக்க டாலர், நம் வெள்ளியில் 65ஐ ஒட்டி வரும். ஆடுபவர்கள் பிரவுசரில் சும்மா நுழைவார்கள். மாதச் சந்தா இல்லை. ஐந்து பேர் கூடிப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டத்தைத்தான் திறந்து வைக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அதில் கிடைக்கும் உலகம் வேறு ரகம். சுவர் வரைந்தால் அது பார்வையை மறைக்கும், ஒலியையும் மறைக்கும்படி வைக்கலாம். அருவிச் சத்தத்தை மேப்பின் ஒரு மூலையில் வைத்தால் கிட்டே போகும் டோக்கனுக்குத்தான் அது கேட்கும். கதவை ஆடுபவரே தட்டித் திறக்கலாம், பூட்டியிருந்தால் திறக்காது. பாத்ஃபைண்டர் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை ஆடுபவர்களுக்கு நான் யோசிக்காமல் ஃபவுண்ட்ரியைத்தான் சொல்வேன். திறந்த உரிமத்தின் கீழ் விதிகள் கிடைப்பதால் தன்னார்வலர்கள் எதிரிகள், மந்திரங்கள், பொருட்கள் என்று ஏறக்குறைய முழு விதித்தொகுப்பையும் இலவசமாகவே உள்ளே வைத்திருக்கிறார்கள். அடி விழுந்ததா, இரட்டிப்பாக விழுந்ததா, எதிரி பயத்தில் இருக்கிறாரா என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கணக்கு அதிகமுள்ள அந்த ஆட்டத்தில் ஒரு சண்டைக்கு மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் சர்வர் உங்கள் பொறுப்பு. வீட்டுக் கணினியிலேயே ஓட்டினால் மற்றவர்கள் உள்ளே வர ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். இங்கே ஃபைபர் வேகத்துக்குக் குறைவில்லை, ஐந்து பேருக்கு மேப் அனுப்புவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால்தான் போர்ட் திறந்தும் வெளியாள் உள்ளே வர முடியாது. அப்போது ஃபவுண்ட்ரியை நமக்காக ஓட்டித் தரும் ஃபோர்ஜ் போன்ற சேவைக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது சிங்கப்பூரில் இருக்கும் கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். சர்வர் இங்கே இருந்தால் சென்னை நண்பருக்குத் தாமதமாகுமோ என்ற கவலை வேண்டாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடிக் கடலடிக் கேபிள் 2002 முதலே இருக்கிறது. டோக்கன் நகர்த்தும் ஆட்டத்துக்கு இந்தத் தூரம் ஒன்றும் செய்யாது.

சர்வரைவிடப் பெரிய சிக்கல் மாட்யூல்கள், அதாவது மேலே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள். பகடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, வாள் வீச்சுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். அப்புறம் ஃபவுண்ட்ரியின் புதுப் பதிப்பு வரும், பாதி மாட்யூல் ஓடாது. கேம்பெயின் நடக்கும்போது பெரிய பதிப்புக்கு மாறவே மாறாதீர்கள், ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாறுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு தீப்பந்தத்துக்கும் வெளிச்சம் வைத்து, ஒவ்வொரு தூணுக்கும் சுவர் வரைந்து, ஒரு மேப்புக்கே ஞாயிற்றுக்கிழமை மாலை முழுதும் போய்விடும். ஆடுபவர்கள் அந்த அறைக்குள் போகாமலே திரும்பவும் கூடும். முக்கியமான இரண்டு, மூன்று இடங்களுக்கு மட்டும் இவ்வளவு உழைப்பைப் போடுங்கள். மற்றதையெல்லாம் வாயால் சொன்னாலே படம் மனதில் வந்துவிடும்.

கைப்பேசியில் ஆடுபவர் குழுவில் இருந்தால் ஃபவுண்ட்ரியை மறந்துவிடலாம். பெரிய திரைக்கென்றே கட்டப்பட்டது அது. பழைய லேப்டாப்பும் வெளிச்சம், மழை எல்லாம் போட்டால் மூச்சு வாங்கும். குழுவில் யாருடைய கருவி பலவீனமானதோ அதை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ் என்று வரும்போது எனக்கு ஃபவுண்ட்ரிமேல் தனிப் பிரியம். மூன்றும் பிரவுசரில் ஓடுபவை, தமிழில் பெயர் வைப்பதோ குறிப்பு எழுதுவதோ எதிலும் பிரச்சினை இல்லை. ஃபவுண்ட்ரியில் நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவையும் ஏற்றிக்கொள்ளலாம், பொத்தான்களின் சொற்கள் தனிக் கோப்பில் இருப்பதால் அவற்றையும் நாமே தமிழில் மாற்றலாம். சொந்தக் கதை எழுதுபவர்களுக்கு இது பெரிய விஷயம். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்குப் போன சமயத்தில் நடக்கும் கதை ஒன்று என்று வையுங்கள். டிராகன் ஆட்டத்துக்கென்று செய்த ஷீட்டில் நாவாய்த் தலைவனையும் வணிகக் குழுவின் ஆளையும் திணித்தால் பொருந்தாது. ஃபவுண்ட்ரியில் சிம்பிள் வேர்ல்ட்பில்டிங் என்றொரு இலவச அமைப்பு இருக்கிறது. வலிமை, கடலறிவு, வாக்குச் சாதுரியம் என்று நாமே வகுத்துக்கொண்டு ஷீட் செய்துவிடலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ரோல்20இலும் சொந்த ஷீட் செய்யலாம், ஆனால் அதற்கு உயர்ந்த சந்தாவும் எச்டிஎம்எல் அறிவும் வேண்டும்.

ஆடுபவர்கள் கைக்குக் கொடுக்கும் துப்புகள் மூன்றிலும் நன்றாகவே வேலை செய்கின்றன. சிங்கப்பூர் ஆற்று முகத்தில் 1819இல் கண்டெடுத்து 1843இல் வெடிவைத்து உடைத்த கல்லின் துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை. அந்தப் படத்தைத் திரையில் காட்டிவிட்டு ஜிஎம் பேசாமல் இருந்தாலே போதும், குழு ஆளுக்கொரு பொருள் சொல்லி ஒரு மணி நேரம் வாதாடும். அதற்கு எந்த மாட்யூலும் தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேன்டசி கிரவுண்ட்ஸ் 2004 முதல் இருக்கிறது. விதிகளைத் தானே நடத்துவதில் கெட்டிக்காரன், ஆனால் எல்லோரும் கணினியில் இறக்கி நிறுவ வேண்டும், பழகவும் நாளாகும். டேபிள்டாப் சிமுலேட்டரை ஆளுக்கொன்று வாங்க வேண்டும். போர்டு கேமுக்கு அருமை, நீண்ட ரோல்பிளேக்கு அதை நான் சொல்லமாட்டேன். மேப்பே வேண்டாம், பேச்சே கதை என்பவர்களுக்கு டிஸ்கார்டும் அதில் பகடை உருட்டித் தரும் அவ்ரே பாட்டும் போதும். பயமும் புலனாய்வும் கலந்த கதைகளுக்கு அதுவே சிறந்தது என்றும் சொல்வேன், கண்ணில் படாதவரைதான் பயம்.

முப்பரிமாணக் கவர்ச்சியில் சாய்பவர்கள் சிகில் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனமே கட்டிய முப்பரிமாண மேசை அது. 2025 பிப்ரவரியில் வெளியானது, அடுத்த மாதமே அதைச் செய்த குழுவில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெரிய பெயர் பின்னால் இருப்பதால் நம் கேம்பெயின் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபவுண்ட்ரியில் உலகம் முழுவதும் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டராக இருக்கும், அப்படியே நகலெடுத்து வைக்கலாம். ரோல்20இலும் அவுல்பேரிலும் எல்லாம் அவர்கள் சர்வரில். அவற்றில் ஆடுபவர்கள் மேப் படங்களின் மூலக் கோப்புகளையும், செஷன் குறிப்புகளையும், ஒவ்வொருவர் கேரக்டரின் பிடிஎஃப் நகலையும் மாதம் ஒருமுறையாவது தனியாக எடுத்து வையுங்கள்.